சொல்லின் வேரைத் தேடிய எல்லீசன்

தலைவர்களின் உருவம் பொறித்த நாணயங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருவள்ளுவர் உருவம் பொறித்த தங்க நாணயம் ஒன்று இருந்தது தெரியுமா? அதுவும் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில்! அதன் ஒரு பக்கத்தில் அமர்ந்த நிலையில் ஒரு முனிவர் இருக்கிறார். மறுபக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறது. அந்த முனிவர் வள்ளுவரே என்று எடுத்துக் காட்டியவர் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். அந்த நாணயத்தை வெளியிடச் செய்தவர் என்று அவர் குறிப்பிட்டவர்தான் நம் கட்டுரையின் நாயகர். அவர் பெயர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழ் மீது கொண்ட பற்றால் தம் பெயரையே 'எல்லீசன்' என்று தமிழாக்கிக் கொண்டவர்.

ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யத் திணறுகிறீர்களா? அப்படியானால் இவர் வரலாறு உங்களுக்குத்தான்.

கடல் கடந்து வந்த இளைஞர்

எல்லிஸ் 1777-ஆம் ஆண்டு பிறந்தவர். 1796-ல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 19 இருக்கலாம். இங்கே பேசப்பட்ட மொழிகளில் ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் கற்கும் ஆசை நிறைய இருந்தது. தமிழ்ப் புலவர்களைத் தேடிச் சென்று பாடம் கேட்டார். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் எனப் பல மொழிகளைக் கற்றார்.

அலுவலகத்திலும் படிப்படியாக உயர்ந்தார். 1802-ல் வருவாய் வாரியத்தின் செயலாளர் ஆனார். 1806-ல் மசூலிப்பட்டினத்தில் நீதிபதி. 1810-ல் சென்னையின் கலெக்டர். இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தார்.

1818-ல் சென்னையில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. எல்லிஸ் ஊரெங்கும் கிணறுகள் வெட்டச் செய்தார். இராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றில் அதற்குக் கல்வெட்டு ஒன்று வைத்தார். அது தமிழில் அமைந்த கல்வெட்டு. 27 கிணறுகள் தோண்டிய செய்தி அதில் இருக்கிறது. ஒரு திருக்குறளும் அதில் இடம் பெற்றிருக்கிறது. குடிநீர்க் கிணற்றிலும் குறளை எழுதிவைத்த கலெக்டர் அவர்!

எங்கள் பக்கத்துக்கும் எல்லிஸுக்கும் ஒரு தொடர்பு உண்டு. உத்திரமேரூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு எல்லாம் சேர்ந்த பகுதியை அந்தக் காலத்தில் தொண்டை மண்டலம் என்பார்கள். இங்குள்ள நில உரிமை பற்றி அரசாங்கம் 17 கேள்விகள் கேட்டது. எல்லிஸ் தம் அலுவலக அதிகாரி சங்கரய்யாவின் துணையோடு விடை எழுதினார். சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டி அவர் விடை சொல்லவில்லை. பழைய கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஆராய்ந்தார். ஒரு சொல்லுக்கு இன்று என்ன பொருள், அன்று என்ன பொருள் என்று பார்த்தார். அது 1818-ல் அச்சானது.

இதன் அருமை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சுமார் 1,100 ஆண்டுகள் பழமையானவை. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம் என்று அவை சொல்கின்றன. மின்சார வாரியம் என்று நாம் சொல்வதைப் பாருங்கள். அதிலும் 'வாரியம்' என்ற அதே சொல்! சொற்களுக்கு நீண்ட ஆயுள் உண்டு.

துரைமார்கள் படித்த கல்லூரி

இங்கிலாந்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு மக்களின் மொழி தெரியவில்லை. விவசாயி ஒன்று சொல்வார், துரைக்கு வேறொன்று புரியும். நீதியும் நிர்வாகமும் எப்படி நடக்கும்? இதை உணர்ந்த எல்லிஸ் ஒரு திட்டம் தீட்டினார். அதன்படி 1812-ல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. அங்கே மாணவர்கள் ஆங்கிலேயர்கள், ஆசிரியர்கள் நம் ஊர்ப் பண்டிதர்கள். தேர்வில் தேறத் தேற மாணவர்களுக்குச் சம்பளம் உயரும். சென்னை நுங்கம்பாக்கத்தில் இன்றும் 'கல்லூரிச் சாலை' இருக்கிறது அல்லவா? அந்தப் பெயர் இந்தக் கல்லூரியால் வந்ததுதான்.

கல்லூரிக்குப் பாடநூல்கள் வேண்டும், அகராதிகள் வேண்டும். வீரமாமுனிவர் 1732-ல் எழுதிய சதுரகராதி அப்போது ஓலைச்சுவடியாகவே இருந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகச் சொற்களை அகர வரிசையில் தந்த நூல் அது. வீரமாமுனிவரின் நூல்களைத் தேடிச் சேர்க்க முத்துசாமிப் பிள்ளை என்பவரை எல்லிஸ் தென் மாவட்டங்களுக்கு அனுப்பினார். எல்லிஸ் மறைந்த பிறகு, 1824-ல் சதுரகராதி முழுமையாக அச்சேறியது.

வேர் சொன்ன உண்மை

இனி அவரது மிகப் பெரிய கண்டுபிடிப்புக்கு வருவோம்.

1786-ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்ற அறிஞர் ஒரு செய்தியைச் சொன்னார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். அறிஞர் உலகம் வியந்தது. அதன் பிறகு இந்தியாவின் மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று பலர் எண்ணினார்கள். வங்காளத்தில் இருந்த புகழ்பெற்ற அறிஞர் வில்லியம் கேரியும் அப்படித்தான் கருதினார். காரணம் இல்லாமல் இல்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் சமஸ்கிருதச் சொற்கள் ஏராளம்.

எல்லிஸுக்கு இது சரியாகப் படவில்லை. மரத்தில் படர்ந்திருக்கும் கொடியைப் பார்த்து, இது இந்த மரத்தின் இலை என்று சொல்லிவிட முடியுமா? வேரைப் பார்த்தால்தானே தெரியும்! அவரும் சொற்களின் வேரைப் பார்த்தார்.

வேர்ச்சொல்லைச் சமஸ்கிருதத்தில் தாது என்பார்கள். கல்லூரியின் தலைமை ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரி தெலுங்கு வேர்ச்சொற்களை ஒரு பட்டியலாகத் தொகுத்திருந்தார். எல்லிஸ் அந்தப் பட்டியலைப் பயன்படுத்தினார். முதலில் சமஸ்கிருத வேர்களையும் தெலுங்கு வேர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவை வேறு வேறாக இருந்தன. அடுத்து தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை வரிசையாக வைத்தார். அவை ஒத்துப் போயின! பிறகு சொற்களையும், சொற்றொடர் அமையும் முறையையும் ஒப்பிட்டார். அங்கும் அதே முடிவு.

ஓர் எளிய சோதனையை நாமே செய்வோமா? தமிழில் ஊர். தெலுங்கிலும் கன்னடத்திலும் ஊரு. தமிழில் நீர். மற்ற இரண்டிலும் நீரு. தமிழில் கண். தெலுங்கில் கன்னு, கன்னடத்தில் கண்ணு. 'கட்டு' என்ற வினை மூன்றிலும் கட்டுதான். இவை வீட்டுச் சொற்கள். புத்தகம் என்பதைப் பாருங்கள். தெலுங்கில் புஸ்தகம், கன்னடத்தில் புஸ்தக. இதுவும் ஒத்திருக்கிறது. ஆனால் இது சமஸ்கிருதத்திலிருந்து வந்த விருந்தினர். விருந்தினரை வைத்து ஒரு வீட்டின் குடும்பத்தை முடிவு செய்யக் கூடாது. எல்லிஸ் காட்டிய வழி இதுதான்.

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு, குடகு ஆகியவை ஒரு தனிக் குடும்பம் என்றார். வடக்கே வெகுதூரத்தில் ராஜ்மகால் மலைவாழ் மக்களின் மொழியிலும் இந்தக் குடும்பத்துச் சொற்கள் இருப்பதைக் கவனித்தார். இந்தக் கண்டுபிடிப்பு 1816-ல் அச்சானது. கேம்பல் என்ற அதிகாரி எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்பகுதியில், ஒரு குறிப்பாக அது வெளிவந்தது. சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 1856-ல், கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை விரிவாக எழுதிப் புகழ் பெற்றார். அதற்கு முன்பே விதை ஊன்றியவர் எல்லிஸ்.

அடுப்பில் எரிந்த ஏடுகள்

எல்லிஸ் திருக்குறளின் அறத்துப்பாலில் முதல் சில அதிகாரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கமும் எழுதினார். அந்த வேலை முடியவில்லை. இன்னும் பல ஆராய்ச்சிகளுக்குக் குறிப்புகள் குவித்து வைத்திருந்தார். ஆனால் நாற்பது வயது வரை நன்றாகக் கற்க வேண்டும், அதன் பிறகே நூல்கள் வெளியிட வேண்டும் என்பது அவரது முடிவாம். நாற்பது வயதும் வந்தது. ஆனால் காலம் காத்திருக்கவில்லை. 1819 மார்ச் மாதம், தெற்கே பயணம் சென்றவர் இராமநாதபுரத்தில் திடீரென்று காலமானார். வயது 42-ஐத் தாண்டவில்லை.

அவர் எழுதிச் சேர்த்த தாள்கள் என்ன ஆயின? பின்னாளில் அவற்றைத் தேடிய சர் வால்டர் எலியட் ஒரு வேதனையான செய்தியை எழுதி வைத்திருக்கிறார். மதுரையில் விட்டுவைக்கப்பட்ட தாள்களை, ஒரு பங்களாவின் சமையல்காரர் பல மாதங்கள் அடுப்பு மூட்டப் பயன்படுத்திவிட்டாராம்! பல ஆண்டு உழைப்பு புகையாய்ப் போயிற்று. மாணவர்களுக்காக அச்சிட்ட அந்தக் குறிப்பு தப்பியது. அமெரிக்க வரலாற்று அறிஞர் தாமஸ் டிரவுட்மன் 2006-ல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதன் பிறகு எல்லிஸின் பெருமையை உலகம் மீண்டும் பேசியது.

நாம் கற்க வேண்டியது

அந்நிய மொழி ஒன்றைக் கற்கும் சிரமம் எல்லிஸுக்கும் இருந்தது, நமக்கும் இருக்கிறது. அவர் வேரைப் பிடித்தார். நாமும் ஆங்கிலத்தில் அதையே செய்யலாம்.

ஆங்கிலத்தின் கதையும் தெலுங்கின் கதை போன்றதே. அதன் வீட்டுச் சொற்கள் ஜெர்மன் மொழிக்கு உறவு. ஆங்கிலத்தில் ஹேண்ட், ஜெர்மனில் ஹான்ட். ஆங்கிலத்தில் வாட்டர், ஜெர்மனில் வாஸர். ஆனால் நீங்கள் கடினம் என்று நினைக்கும் நீண்ட சொற்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க மொழிகளிலிருந்து வந்த விருந்தினர்கள். அவற்றின் வேர் தெரிந்தால் ஒன்றைக் கற்று ஐந்தைப் பெறலாம்.

'போர்ட்' என்ற லத்தீன் வேருக்குச் சுமத்தல், எடுத்துச் செல்லுதல் என்று பொருள். சுமை தூக்குபவர் போர்ட்டர். எளிதில் எடுத்துச் செல்லக் கூடியது போர்ட்டபிள். வெளியே எடுத்துச் செல்வது எக்ஸ்போர்ட், உள்ளே கொண்டுவருவது இம்போர்ட். ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுசெல்வது டிரான்ஸ்போர்ட்.

'ஸ்க்ரிப்ட்' என்றால் எழுதுதல். கையால் எழுதியது மேனுஸ்க்ரிப்ட். 'மேனு' என்றால் கை. மருத்துவர் எழுதித் தரும் சீட்டு பிரிஸ்க்ரிப்ஷன். இங்கே 'பிரி' என்பதற்கு முன்பு என்று பொருள். மருந்து வாங்கும் முன்பே எழுதித் தருகிறார் அல்லவா!

'டெலி' என்றால் தொலைவு. தொலைவில் உள்ளதைப் பார்க்க டெலிஸ்கோப், தொலைவில் உள்ளவரோடு பேச டெலிபோன். நாமும் தொலைநோக்கி, தொலைபேசி என்று அதே முறையில்தான் சொல்கிறோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! ஏர்போர்ட் என்பதில் உள்ள 'போர்ட்' சுமப்பது அல்ல. அது துறைமுகம் என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல். உருவம் ஒன்றாக இருந்தால் மட்டும் உறவு ஆகிவிடாது. அதனால் வேரை ஊகித்த உடனே அகராதியைத் திறந்து பொருளைச் சரி பாருங்கள். எல்லிஸ் ஒரு சொல்லைப் பார்த்து முடிவு செய்யவில்லை, பட்டியல் போட்டுப் பார்த்தார். அதை மறக்காதீர்கள்.

இந்த வாரம் ஒரு பழைய நோட்டை எடுங்கள். பக்கத்துக்கு ஒரு வேர் எழுதுங்கள். வேரின் பொருள், அதில் பிறந்த சொற்கள், ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் என்று வரிசையாக எழுதுங்கள். நாளுக்கு ஒரு வேர் போதும். தமிழிலும் செய்து பாருங்கள். கட்டு என்பதிலிருந்து கட்டடம், கட்டுமானம், கட்டுப்பாடு, கட்டுரை என்று எத்தனை கிளைகள்!

பெரியவன் ஆன பிறகு எழுதிக் கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். எல்லிஸ் தள்ளிப் போட்டவை அடுப்புக்குப் போயின. எழுதி அச்சில் ஏற்றியது 200 ஆண்டுகள் கடந்தும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.