வள்ளல் பச்சையப்ப முதலியாரும் அவர் பெயர் தாங்கிய பள்ளியும்

செல்வம் நிலையாதென்பதை நம் முன்னோர் பலபடக் கூறிப் போந்தனர். ஆயின், நற்கருமத்திற்கென்று ஒருவர் எடுத்து வைத்த செல்வமும், காப்பார் இல்லையேல், அவர் கண்மூடிய பின்னர்ச் சிதறிப்போகும் என்பதை நாம் அத்துணைக் கருதுவதில்லை. இவ்வுண்மையை விளக்குதற்குச் சென்னை வள்ளல் பச்சையப்ப முதலியாரவர்களின் சரித்திரத்தினும் தக்கது வேறொன்று கிடைத்தல் அரிது. அவர் பெயர் கொண்ட பள்ளியைக் கேள்விப்படாதார் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. அப்பள்ளி, அவர் மறைந்து 48 ஆண்டுகள் சென்ற பின்னரே தோன்றியதென்பதை அறிந்தாரும் சிலரே.

முதலியாரவர்கள் 1754ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையார் விசுவநாத முதலியார், மைந்தன் முகங் காணுமுன்னரே காலஞ் சென்றார். தாயார் பூச்சியம்மாள், கைம்மைத் துயரோடு வறுமைத் துயரையும் ஒருங்கே தாங்கியவராய்ப் பெரியபாளையத்தில் அன்பர் ஒருவர் ஆதரவில் இருந்து மகனை ஈன்றார். சில ஆண்டுகள் கழித்து, அக்குடும்பம் சென்னை வந்து நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் நிழலில் ஒதுங்கியது. கும்பினியாரின் வர்த்தகர்க்கும் நாட்டு மக்களுக்கும் இடைநின்று, இருவர் மொழியும் அறிந்து, கொள்ளல் விற்றல்களை முடித்துத் தருவோரே அந்நாளில் துபாஷிகள் எனப்பட்டனர். நாராயண பிள்ளை அச்சிறுவனுக்கு எழுத்தும் கணக்கும் வணிக நுட்பமும் கற்பித்தார். பிறர் தயவில் வளர்ந்த பிள்ளை, இளமை கழியுமுன்னரே சென்னையிற் பெருந்தனவந்தருள் ஒருவராய் விளங்கினார். தஞ்சைச் சீமையிலும் அவருடைய கொடுக்கல் வாங்கல் பரவியது.

பொருள் பெருகிய காலத்தும் அவர் தம் பழைய நிலையை மறந்தாரில்லை. காஞ்சீபுரம், சிதம்பரம் முதலிய தலங்களில் அவர் செய்த திருப்பணிகள் பல. சிதம்பரத்துக் கீழைக் கோபுரம் அவர் தருமத்தாற் புதுப்பிக்கப்பட்டது. எனினும் மக்கட்பேறு நிலைக்காத குறை அவருக்கு இருந்தது. உடல் நலங்குன்றிய காலத்து, 1794ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தம் பொருளில் ஒரு லட்சம் வராகனை ஆலய கைங்கரியங்களுக்கும் ஏனைய தருமங்களுக்கும் உரியதாக்கி மரண சாசனம் எழுதி வைத்தார். அம்மாத இறுதியிலேயே திருவையாற்றிற் சிவபதம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதே.

இனி நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத் தக்கது. சாசனம் இருந்தது, பொருளும் இருந்தது, தருமமோ நடைபெறவில்லை. உரிமை பற்றி உறவினரிடையே வழக்குகள் எழுந்தன. சொத்து பலர் கை மாறியது. ஏழை எளியவர்க்கும் தெய்வத்திற்கும் என்று ஒருவர் எழுதிய பணம், ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், எழுதிய ஏட்டளவிலேயே நின்றது. முடிவில் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டு இதிற் கை வைத்தது. அட்வகேட் ஜெனரலாய் இருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயர் இத்தருமத்தை மீட்பதிற் பெரிதும் உழைத்தார். முதலியார் குறித்த கோயிற் கட்டளைகளுக்கு வேண்டிய தொகை ஒதுக்கப்பட்டது. காலம் நீண்டதால் வட்டியாற் பெருகி நின்ற மிச்சத்தை, இந்துச் சிறாரின் கல்விக்குச் செலவிடலாம் என்று திட்டம் வகுக்கப்பட்டது. நம்மவர் சிலரைக் கொண்ட தரும கர்த்தர் சபையும் அமைந்தது. கோமளேசுவரன்பேட்டைச் சீனிவாசப் பிள்ளை அச்சபையில் முன்னின்று உழைத்தவருள் ஒருவர்.

இங்ஙனம், 1842ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதியன்று, கருப்பர் பட்டணத்துப் பாப்பம் பிராட்வே வீதியில் பச்சையப்பர் பள்ளி தொடங்கிற்று. ஏழை இந்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும், அதனுடன் தமிழும் தெலுங்கும் அங்கே கற்பிக்கப்பட்டன. பாதிரிமாரின் பள்ளிகளை நாடாமலே ஆங்கிலக் கல்வி பெறுதற்கு, நம்மவர் பொருளால் நம்மவர் நடத்திய இடம் ஒன்று வாய்த்தது. இதுவே அந்நாளில் அதற்கிருந்த தனிச் சிறப்பு.

பள்ளிக்கு உரிய மனை வேண்டுமன்றோ? 1846இல் எஸ்பிளனேடில் நார்ட்டன் துரையே அடிக்கல் நாட்டினார். 1850இல் கவர்னர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் அதனைத் திறந்து வைத்தார். கிரேக்க நாட்டு ஆதன்ஸ் நகரத்துப் பழங்கோயில் ஒன்றன் சாயலில், நெடுந்தூண்கள் வரிசையாய் நிற்க அமைந்த அம்மண்டபமே பச்சையப்பன் மண்டபம் எனப் பெயர் பெற்றது. தம் வாழ்நாளெல்லாம் சிவாலயங்களுக்கு ஈந்தவரின் பெயரைக் கிரேக்கக் கோயிலின் உருக்கொண்ட கலைக்கோயில் தாங்கி நிற்பது ஓர் விந்தையே.

பள்ளி வளர்ந்து 1880இற் கல்லூரி வகுப்புகளைப் பெற்றது. 1889இல் முதல் தரக் கல்லூரியாயிற்று. காஞ்சீபுரத்திலும் சிதம்பரத்திலும் கிளைப் பள்ளிகள் எழுந்தன. கணித மேதை இராமாநுஜன் 1906இல் இக்கல்லூரியிற் சேர்ந்து பயின்றார். பின்னாளில் முதலமைச்சரான அண்ணாதுரையவர்கள் காஞ்சீபுரத்துப் பச்சையப்பன் பள்ளியிலும், பின்னர்ச் சென்னைக் கல்லூரியிலும் கற்றவர். கடைத்தெருவின் நெருக்கம் மிகுந்தமையால் 1940ஆம் ஆண்டு கல்லூரி சேத்துப்பட்டிற்குப் பெயர்ந்தது.

புகழ் ஒன்றையே கூறி ஒழிதல் நேர்மையாகாது. இந்துக்களுக்கு என்று வகுத்த இவ்வறச்சாலை, ஆதிதிராவிடச் சிறாருக்கு 20ஆம் நூற்றாண்டிலும் சில காலம் கதவடைத்தே இருந்தது. அவர்கள் கேட்டுப் போராடிய பின்னரே இடம் கிடைத்தது. ஏனைய மதத்தினர்க்கோ 1947 வரையிற் காத்திருக்க நேர்ந்தது. தந்தையற்ற ஏழையாய்ப் பிறர் வாயிலில் நின்று கற்றவர் பெயரால் நடந்த பள்ளி, வேறு ஏழைகளை வாயிலில் நிறுத்தி வைத்ததை எண்ணுங்கால் நெஞ்சம் வருந்துகின்றது.

சங்கத்து அன்பர்காள்! கல்வி நிதி என்றும், சத்திர நிதி என்றும், மாணவர் விடுதி நிதி என்றும் நம்மவர் ஈயும் பொருள் ஒவ்வொன்றும் ஒரு மரண சாசனம் போன்றதே. ஈந்தவர் பின்னர் வந்து கணக்குக் கேட்கப் போவதில்லை. ஆதலின் கேட்க வேண்டியவர் நாமே. பச்சையப்ப முதலியாரின் தருமம் பிழைத்தது, அயலார் ஒருவர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்ததனால். நம் தருமங்கள் பிழைப்பதற்கு நாம் அயலாரை எதிர்நோக்கி இருத்தல் வேண்டா. வரவு செலவை ஆண்டுதோறும் ஒளிவின்றிப் படித்துக் காட்டுக. தகுதியுடைய பிள்ளை எவ்வீட்டினதாயினும் கதவைத் திறந்து வைக்குக. கொடுத்தவர் பெயரை நிலைநிறுத்துவது கல்லும் தூணும் அல்ல. கணக்கும் கருணையுமே ஆகும்.