150 வருஷத்துக்கு முன்பே தமிழில் கிரேஸ் அனாடமி: யார் இந்த டாக்டர் கிரீன்?

மரக்காணம் உப்பளத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் என்ன சொல்வார்? நீர்க்கடுப்பா இருக்கு, கண்ணு கூசுது, கால் வெடிப்புல உப்புத்தண்ணி பட்டு எரியுது என்பார். எதிரே இருக்கும் டாக்டர் இதையெல்லாம் படித்தது ஆங்கிலத்தில். அவர் புத்தகத்தில் நீர்க்கடுப்புக்குப் பெயர் டிஸ்யூரியா.

இந்த இடைவெளியைக் குறைக்கவே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவழித்த ஒரு மருத்துவர் இருந்தார். தமிழரல்ல, அமெரிக்கர். வேலை பார்த்தது கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில்.

சாமுவேல் பிஸ்க் கிரீன் 1822இல் மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் படித்துவிட்டு, 1847இல் அமெரிக்க மிஷன் டாக்டராக இலங்கை வந்து சேர்ந்தார். மதப் பிரசாரமும் அந்த வேலையில் ஒரு பகுதிதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த வருஷமே மானிப்பாயில் சிகிச்சையோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பும் தொடங்கிவிட்டார்.

வகுப்பு முதலில் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அங்கேதான் சிக்கல். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்கச் சம்பளத்துக்காக வெளியூர் போய்விட்டார்கள். கிராமத்துக்கு டாக்டர் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கேட்டுப் பழகிய கதைதானே!

1858 வாக்கில் ஊர் போய், 1862இல் திரும்பி வந்த கிரீன், தைரியமாக ஒரு முடிவெடுத்தார். 1864 முதல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அதற்குப் புத்தகம் வேண்டுமே? மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். மன்செலின் பிரசவ நூல் 1857இலேயே வந்திருந்தது. ட்ரூயிட்டின் அறுவை சிகிச்சை நூல் 1867இல் ‘இரண வைத்தியம்’ ஆனது. 1872இல் வந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ வேறொன்றுமில்லை, கிரேஸ் அனாடமிதான். ஆங்கில மூலம் வெளியானது 1858இல். அதாவது 14 வருஷத்தில் தமிழுக்கு வந்துவிட்டது.

கலைச்சொல்லுக்கு அவர் வைத்திருந்த முறை எளிது. முதலில் தமிழில் தேடு. கிடைக்கவில்லையா, சமஸ்கிருதம். அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. கெமிஸ்ட்ரி புத்தகத்துக்கு ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வந்தது இப்படித்தான். இன்று படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். ஆனால் அப்போது வேதியியல் என்ற சொல் அவர் கையில் இல்லை.

அவரிடம் படித்து டாக்டரானவர்கள் 60 பேருக்கு மேல். சுமார் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்தவர்கள்.

அவர் திட்டம் முழுசாக ஜெயித்ததா? இல்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. அரசு வேலையும் மரியாதையும் அந்தப் பக்கம் போயின. இன்னொரு சிக்கல் மருத்துவத்துக்கு உள்ளேயே இருந்தது. ‘இரண வைத்தியம்’ அச்சான அதே 1867இல்தான் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் காயம் சீழ் பிடிக்காமல் தடுக்கலாம் என்று லான்செட் இதழில் எழுதினார். அறுவை சிகிச்சையே தலைகீழாக மாறத் தொடங்கியது. கையில் இருக்கும் ஒரே தமிழ்ப் புத்தகத்தில் இது இல்லையென்றால், ஆங்கிலம் தெரியாத கிராமத்து டாக்டர் எங்கே போய்ப் படிப்பார்? ஒருமுறை மொழிபெயர்த்தால் போதாது, ஒவ்வொரு பதிப்புக்கும் பின்னால் ஓட வேண்டும். தனி ஆளால் முடிகிற வேலையா இது?

அவர் ஓடிப் பார்த்தார் என்பதுதான் ஆச்சரியம். 1873இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பிய பிறகும் வூஸ்டரில் உட்கார்ந்து தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். டால்டனின் உடலியங்கியல் நூல், ‘மனுஷ சுகரணம்’ என்று 1883இல் வந்தது. அடுத்த வருஷம் காலமானார். தமிழருக்கு மருத்துவம் பார்த்தவர் என்பதைத் தன் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார்.

மானிப்பாயில் அவர் பெயரில் கிரீன் நினைவு மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகம் அண்மையில் எம்பிபிஎஸ் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவரத் தொடங்கியபோது, அந்த வரிசையில் மாணவர்களுக்கான கிரேஸ் அனாடமியும் இருந்தது.