காபி வேரில் ஒளிந்திருந்த எதிரி

வீட்டுத் தோட்டத்தில் கத்தரியோ தக்காளியோ காரணம் தெரியாமல் வாடினால், அதை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். சில சமயம் வேர் முழுக்கச் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். மணி கோத்தது போலத் தெரியும். நான் பணியாற்றிய பள்ளியில், தோட்ட வேலை நேரத்தில் மாணவர்கள் இப்படி ஒரு கத்தரிச் செடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நிலக்கடலை வேரில் இருக்குமே, மண்ணை வளமாக்கும் நல்ல முடிச்சு, அது போலத்தான் இதுவும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அது தவறு. கத்தரி வேரில் இருந்தது நோய் முடிச்சு. வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது. மறுநாள் வகுப்பில் என் தவற்றைத் திருத்திக்கொண்டேன்.

அந்தப் புழுவின் இனத்துக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் அறிவியல் பெயரைச் சூட்டியவர் எமில் கோயெல்டி. பிரேசில் நாட்டில் அவரை அறியாத இயற்கை ஆர்வலர் இல்லை.

கோயெல்டி 1859-ம் ஆண்டு ஆகஸ்ட் 28-ம் தேதி சுவிட்சர்லாந்தில் பிறந்தார். விலங்கியல் படித்தார். ஜெர்மனியில் ஜெனா நகரில், புகழ்பெற்ற விலங்கியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹேக்கலிடம் பயின்றார். இளைஞராக இருக்கும்போதே ரியோ டி ஜெனிரோ நகரிலுள்ள அருங்காட்சியகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. கடல் கடந்து பிரேசில் போய்ச் சேர்ந்தார். எமில் என்ற அவர் பெயரை அங்கே எமிலியோ ஆக்கிக்கொண்டார்கள்.

அப்போது பிரேசிலை ஆண்டவர் பேரரசர் இரண்டாம் பெட்ரோ. நாட்டின் செல்வமெல்லாம் காபியில் இருந்தது. மலைச்சரிவெங்கும் காபித் தோட்டங்கள். அவற்றில் பாடுபட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் வழிவந்தவர்களும். அடிமை முறை அங்கே 1888-ல்தான் ஒழிந்தது.

அந்தத் தோட்டங்களில் ஒரு விசித்திரம் நடந்தது. நன்றாக நின்ற காபிச் செடிகளின் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. செடி மெலிந்து பட்டுப்போனது. ஒரு செடியில் தொடங்கிப் பக்கத்துச் செடிகளுக்கும் பரவியது. மண்ணில் சத்து இல்லை என்றார்கள் சிலர். வெயில் காரணம் என்றார்கள் வேறு சிலர். 1878-ல் ஜோபெர் என்ற பிரெஞ்சு அறிஞர் காபி வேர் முடிச்சுகளில் புழுக்களைக் கண்டார். ஆனால் அது என்ன புழு, எப்படி வாழ்கிறது என்பது தெளிவாகவில்லை. அதை ஆராயும் பொறுப்பு கோயெல்டியிடம் வந்தது.

கோயெல்டி தோட்டத்துக்கே போனார். செடியைத் தோண்டி எடுத்து, வேரைக் கழுவி, முடிச்சை மெல்லப் பிளந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்தது பெண் புழு. புழு என்றதும் நீளமாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இது உப்பி, பேரிக்காய் போல இருந்தது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுப் புழுவோ நூல் போன்றது; நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மண்ணிலுள்ள ஈரத்தில் நீந்திப் போய் வேரின் நுனி வழியாக உள்ளே நுழைகிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, சுற்றியுள்ள செல்களில் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்தச் செல்கள் பல மடங்கு பெருத்து, புழுவுக்குச் சோறு போடும் அடுக்களை ஆகிவிடுகின்றன! இலைக்குப் போக வேண்டிய சத்து புழுவுக்குப் போகிறது. பெண் புழு வளர்ந்து நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது.

1887-ல் கோயெல்டி தம் அறிக்கையை எழுதினார். புழுவுக்கு மெலாய்டோகைன் எக்ஸிகுவா என்று பெயர் வைத்தார். மெலாய்டோகைன் என்றால் கிரேக்க மொழியில் ஆப்பிள் வடிவப் பெண் என்று பொருள். எக்ஸிகுவா என்றால் சிறியது. அருமையான பெயர் அல்லவா? ஆனால் மற்ற அறிஞர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஏற்கெனவே இருந்த வேறொரு பெயருக்குள் எல்லா வேர்முடிச்சுப் புழுக்களையும் போட்டு அடைத்துவிட்டார்கள்.

இதற்கிடையில் 1889-ல் பேரரசர் பதவி இழந்தார், பிரேசில் குடியரசானது. மறு ஆண்டே கோயெல்டியின் வேலை போயிற்று. அவர் ஊருக்குத் திரும்பவில்லை. டெரெசொபொலிஸ் மலைப்பகுதியில் தங்கி, பிரேசிலின் பாலூட்டிகளையும் பறவைகளையும் பற்றி நூல்கள் எழுதினார்.

பிறகு அமேசான் ஆற்றின் முகத்துவாரப் பகுதியிலுள்ள பெலெம் நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. 1727-ல் பிரேசிலுக்குள் காபிச் செடி முதன்முதலில் வந்தது இந்தப் பகுதிக்குத்தான் என்பது வேடிக்கையான பொருத்தம். அங்கே நலிந்து கிடந்த அருங்காட்சியகத்தை 1894-ல் ஏற்ற கோயெல்டி, அதற்கு உயிர் கொடுத்தார். விலங்குக் காட்சிச்சாலையும் தாவரத் தோட்டமும் அமைத்தார். மஞ்சள் காய்ச்சல் பரப்பும் கொசுக்களையும் ஆராய்ந்தார். பெண்கள் ஆராய்ச்சிப் பணிக்கு வருவது அரிதாக இருந்த அக்காலத்தில், எமிலி ஸ்னெத்லாகே என்ற பறவையியல் அறிஞரை வேலைக்கு அமர்த்தினார். பின்னாளில் அந்த அம்மையாரே அருங்காட்சியகத்தின் தலைவரானார்.

பிரான்சுக்கும் பிரேசிலுக்கும் எல்லைத் தகராறு வந்தபோது, அப்பகுதியைப் பற்றிய தம் அறிவால் கோயெல்டி பிரேசிலுக்கு உதவினார். 1900-ல் தீர்ப்பு பிரேசிலுக்குச் சாதகமானது. நன்றியாக அருங்காட்சியகத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். இன்றும் அது அவர் பெயரில்தான் இயங்குகிறது. ஒரு சிறு கறுப்புக் குரங்குக்கும் கோயெல்டி குரங்கு என்று பெயர்.

1907-ல் தாய்நாடு திரும்பிய அவர், பெர்ன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1917 ஜூலை 5-ல் காலமானார்.

அவர் வைத்த புழுப் பெயர் என்ன ஆயிற்று? 1949-ல் சிட்வுட் என்ற அமெரிக்க அறிஞர் பழைய ஆய்வுகளைப் புரட்டி, அந்த இனத்துக்குரிய சரியான பெயர் மெலாய்டோகைன்தான் என்று நிலைநாட்டினார். அறிக்கை எழுதி 62 ஆண்டுகள் கழித்து! அதைக் காண கோயெல்டி உயிரோடு இல்லை.

புழுவை இனம் கண்டால்தானே அதைத் தாங்கும் செடியைத் தேட முடியும்? அராபிகா காபிச் செடிகள் ஒருசில தாய்ச்செடிகளின் வழிவந்தவை. அதனால் எல்லாம் ஒரே சாயல். ஒன்று தோற்றால் எல்லாம் தோற்கும். ரொபஸ்டா காபியில் அப்படியல்ல. சில செடிகளுக்குப் பிறவியிலேயே எதிர்ப்புத் திறன் உண்டு. தீமோர் தீவில் அராபிகாவும் ரொபஸ்டாவும் இயற்கையாகவே கலந்து பிறந்த செடி கிடைத்தது. அதன் வழியாக அந்தத் திறன் அராபிகாவுக்கும் வந்தது. 2003-ல் அதற்குக் காரணமான மரபணுவுக்கு மெக்ஸ்-1 என்று பெயரிட்டார்கள்.

அந்தச் செடி என்ன செய்கிறது தெரியுமா? புழுவை வெளியே தடுப்பதில்லை. உள்ளே விடுகிறது. புழு அடுக்களை கட்டத் தொடங்கியதும், அதைச் சுற்றியுள்ள செல்கள் தாமே மடிந்துவிடுகின்றன. புழு பட்டினி கிடக்கிறது! பிரேசிலில் இன்னொரு வழியும் உண்டு. எதிர்ப்புள்ள ரொபஸ்டா வேரின் மேல் அராபிகாத் தண்டை ஒட்டுக் கட்டி நடுகிறார்கள். மாங்கன்று ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே முறைதான்.

புழுவும் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்புள்ள செடியிலும் பிழைக்கக் கற்ற புழுக்கள் பிரேசிலின் சில தோட்டங்களில் தோன்றியிருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் வேரைக் கழுவி, முடிச்சைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.