சிபில் கார்த்திகேசு அம்மையார்

தோட்டத்துத் தோழர்களே, ஈப்போவில் ஃபேர் பார்க் பக்கம் போகிறவர்கள் சிபில் கார்த்திகேசு என்ற ரோட்டுப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். யாரோ பெரிய இடத்து அம்மாவாக்கும் என்று நினைத்துக்கொண்டு நம்மில் பலபேர் தாண்டிப் போயிருப்போம். நம்ம பேராக் மண்ணில் ஜப்பான்காரன் காலத்தில் வாயைத் திறக்காமல் உயிரைப் பணயம் வைத்த பெண்மணி அவர்.

1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவில் மேடான் நகரில் பிறந்தார். ஐரிஷ் வழிக் கலப்புக் குடும்பம், கத்தோலிக்கர்கள். தகப்பனார் தோட்டத் துரை. துரை மகளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். தாயார் மருத்துவச்சி. மகளும் நர்ஸ் வேலையும் பிரசவம் பார்ப்பதும் படித்துக்கொண்டார். சீன மொழியில் கண்டோனீஸ் சரளமாகப் பேசுவார். 1919 ஜனவரியில், தைப்பிங்கில் பிறந்த தமிழ் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவைக் கோலாலம்பூர் செயின்ட் ஜான் கோயிலில் கல்யாணம் செய்தார். மாப்பிள்ளை இந்து வீட்டுப் பிள்ளை, அதனால் பெண் வீட்டில் முதலில் தடை சொன்னார்கள். பிறகு சமாதானமாயிற்று. தலைப்பிள்ளை பிறந்து ஒருநாள்கூடத் தங்கவில்லை. பிறகு ஒரு மகனைத் தத்து எடுத்தார்கள், இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். 1926 முதல் ஈப்போ புருஸ்டர் ரோட்டில் இருவரும் கிளினிக் நடத்தினார்கள்.

1941 டிசம்பரில் ஈப்போவில் குண்டு விழுந்தது. குடும்பம் பாப்பான் என்ற ஈயச்சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தது. கடைத்தெருவில் 74ஆம் நம்பர் வீடு. நம்ம பெரியவங்களுக்கு அந்தக் காலத்தைச் சொல்லத் தேவையில்லை. அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. உடுப்புக்குத் துணி இல்லை, காய்ச்சலுக்குக் கொய்னா இல்லை. லயத்துக்கு லயம் ஆள் பிடித்துச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பினான். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அப்படிப்பட்ட நாளில் பாப்பானில் ஒரு நர்ஸம்மா, காசு இருக்கிறதா என்று பார்க்காமல் வந்தவர்க்கெல்லாம் மருந்து போட்டார்.

காட்டில் இருந்த ஜப்பான் எதிர்ப்புப் படைக்காரர்களும் காயத்தோடு இரவில் வந்தார்கள். அவர்களுக்கும் வைத்தியம் பார்த்தார். அதோடு ஒரு ரேடியோவை மறைத்து வைத்து, லண்டன் செய்தியைக் கேட்டு ஜனங்களுக்குச் சொன்னார். இரண்டும் தலை போகிற குற்றம். அந்தப் படையில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு ஜப்பானை எதிர்த்துக் காட்டில் நின்றவர்கள் அவர்கள்தானே? பிரிட்டிஷ்காரனே பிற்பாடு அவர்களுக்கு ஆயுதம் கொடுத்தான். அம்மையாருக்குக் காயம்தான் தெரிந்தது, கட்சி தெரியவில்லை.

1943இல் முதலில் டாக்டரைப் பிடித்தார்கள், பிறகு அம்மையாரை. கெம்பித்தாய் என்கிற ராணுவப் போலீஸின் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். யோஷிமுரா என்ற சார்ஜண்ட் விசாரித்தான். வயிறு முட்டத் தண்ணீர் புகட்டினார்கள். காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள், நகங்களைப் பிடுங்கினார்கள். தாடையில் பூட்ஸ் காலால் விழுந்த உதை கடைசிவரை ஆறவில்லை. கேட்டது ஒன்றுதான்: காட்டில் யார் யார், அவர்களுக்கு உதவுகிறவர்கள் யார்? பெயர் வேண்டும்.

அடி, சூடு எல்லாம் பலிக்காமல் போகவே, இளைய மகள் டான் என்ற சிறுமியைக் கொண்டுவந்தான். ஏழு வயசுப் பிள்ளை. தாய் கண் முன்னால் மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்ட ஏற்பாடு செய்தான். பெயரைச் சொன்னால் பிள்ளை தப்பும். அந்தப் பிள்ளையே அம்மாவைப் பேச வேண்டாம் என்று தடுத்ததாம். பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! ஒரு ஜப்பான் அதிகாரி குறுக்கிட்டு நிறுத்தியதால் குழந்தை பிழைத்தது. அம்மையார் பெயர் சொல்லவில்லை.

இது வலியைத் தாங்குகிற விஷயம் மட்டும் இல்லை என்று நாம் நினைக்கிறோம். வலியில் உடம்பு துடிக்கும், அவ்வளவுதான். ஆசை காட்டுவது வேறு. ஒரே ஒரு பெயர், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று மனசுக்குள்ளேயே ஒரு குரல் கேட்கும். நம்ம தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு, தூண்டிவிட்டவன் யார், சொன்னால் உனக்கு நல்ல நெரை கிடைக்கும் என்று நயமாகக் கேட்பார்கள். பால்வாளியோடு நிற்கிறவனுக்கு அது சின்னச் சோதனை இல்லை, வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன. நாம் அந்த இடத்தில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறோம். அடிக்குப் பயப்படாத ஆள்கூட அந்த நயமான பேச்சில் சாய்ந்ததுண்டு.

அம்மையாருக்கு எங்கிருந்து வந்தது அந்த உறுதி? ஜெபத்திலிருந்து என்றுதான் அவரே எழுதி வைத்தார். கடவுள் வலியை எடுத்துவிடுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, வலியும் குறையவில்லை. ஆனால் அந்த அறையில் தாம் தனியாக இல்லை என்று நம்பினார். சிலுவையில் பாடுபட்டவர் இந்தப் பாட்டை அறிந்தவர் என்ற நம்பிக்கை. மாரியம்மனைக் கும்பிடுகிற நம்ம வீட்டுப் பெண்களுக்கும் இது விளங்காத சங்கதி இல்லை.

உளவு பார்த்தது, எதிர்ப்புப் படைக்கு வைத்தியம் செய்தது, ரேடியோ வைத்திருந்தது என்று குற்றம் சாட்டி ஆயுள் தண்டனை விதித்தார்கள். பத்துகாஜா ஜெயிலில் கிடந்தார். 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகு வெளியே வந்தபோது நடக்க முடியவில்லை. யோஷிமுராவுக்குப் போர்க்குற்ற வழக்கில் மரண தண்டனை கிடைத்தது. அம்மையாரை வைத்தியத்துக்கு இங்கிலாந்து கொண்டுபோனார்கள். 1947இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஜார்ஜ் மெடல் கொடுத்தார். பட்ட பாடுகளை அங்கேதான் புத்தகமாக எழுதினார். அது 1954இல்தான் அச்சில் வந்தது, பார்க்க அவர் இல்லை. தாடைக் காயத்தில் விஷம் ஏறி, 1948 ஜூன் 12ஆம் தேதி ஸ்காட்லாந்தில் லானார்க் என்ற ஊரில் இறந்துபோனார்.

அதற்குச் சில நாளில் இங்கே அவசரகாலச் சட்டம் வந்தது. மெடல் கொடுத்த அதே அரசாங்கம், அவர் காயம் கட்டிவிட்ட ஆட்களைத் தேடிக் காட்டுக்குப் பட்டாளம் அனுப்பியது. தொழிற்சங்கச் சம்மேளனத்தையும் கையோடு தடை செய்தது. அவர் பேர் வெகுகாலம் பேசப்படாமல் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

1949 மார்ச்சில் உடலை ஸ்காட்லாந்திலிருந்து ஈப்போவுக்குக் கொண்டுவந்து, செயின்ட் மைக்கேல் கோயில் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். எல்லா இனத்து ஜனங்களும் வந்து நின்றார்கள். எதிரே கான்வென்ட் பள்ளிக்கூடம். முன்பு புருஸ்டர் ரோடு என்றிருந்த அந்த ரோட்டுக்கு இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா பெயர். அவரும் டாக்டரும் கிளினிக் நடத்திய ரோடும் அதுதான்.