புது மாணவர்களுக்குப் பெரிய பேராசிரியர்

ரசாயன விஞ்ஞானி பி.சி.ராய், இன்று வங்காளதேசத்தில் உள்ள ராருலி கிராமத்தில் 1861-ம் ஆண்டு பிறந்தார். எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்று, 1889-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 250 ரூபாய்.

பெயரும் புகழும் வந்த பிறகும், புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் வகுப்பை அவர் விடவில்லை. பச்சை மண்ணைத்தானே வனைய முடியும்! வாயால் சொல்வதோடு நிற்கமாட்டார். கண்முன்னே சோதனை செய்து காட்டுவார். மேகநாத சாகா, சத்யேந்திரநாத் போஸ் ஆகியோர் அவருடைய மாணவர்கள்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில், விஞ்ஞானக் கல்லூரியில் ஓர் அறையே வீடு. ஏழை மாணவர்களும் அங்கே தங்கிப் படித்தனர்.

1921-ல் 60 வயது நிறைந்தது. அதன்பின் வந்த சம்பளம் முழுவதையும் கல்கத்தா பல்கலைக்கழக ரசாயனத் துறைக்கே விட்டுக்கொடுத்தார். 75 வயதுவரை உழைத்தார்.

1944 ஜூன் 16-ந் தேதி மறைந்தார். சேர்த்து வைத்த சொத்து, மாணவர்களே.