ஆஸ்கர் நாயகிக்கு 'ஷாக் ட்ரீட்மென்ட்': விவியன் லீயின் மூளைக்குள் என்ன நடந்தது?

'ஷாக் ட்ரீட்மென்ட்' என்றாலே சினிமாவில் வரும் சித்ரவதைக் காட்சிதான் ஞாபகத்துக்கு வரும். நிஜத்தில் அந்த சிகிச்சையை எடுத்துக்கொண்ட சினிமா நட்சத்திரம் விவியன் லீ.

1913-ல் டார்ஜிலிங்கில் பிறந்தவர். 'கான் வித் தி விண்ட்' (1939), 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' (1951) என இரண்டு படங்களுக்கு ஆஸ்கர். 1953-ல் 'எலிஃபன்ட் வாக்' ஷூட்டிங்குக்காக இலங்கை போன இடத்தில் மனநிலை குலைந்தது. அந்த வேடம் எலிசபெத் டெய்லருக்குப் போனது.

லீக்கு இருந்தது பைபோலார். ஒரு கட்டத்தில் கட்டுக்கடங்காத உற்சாகம், இன்னொரு கட்டத்தில் எழவே முடியாத சோர்வு. அதற்குத்தான் மின்சிகிச்சை, அதாவது இசிடி.

இது எப்படி வேலை செய்கிறது?

தலையில் எலெக்ட்ரோடு வைத்து சில நொடிகள் மின்சாரம் செலுத்துவார்கள். பலன் தருவது மின்சாரம் அல்ல, அது தூண்டும் வலிப்பு. ஒரு நிமிடத்துக்குள் மூளையே பிரேக் போட்டு அதை அடக்கிவிடும். இப்படிப் பல அமர்வுகள் நடக்கும்போது செரட்டோனின், டோபமைன் போன்ற ரசாயனங்களின் செயல்பாடும் நரம்பு இணைப்புகளும் மாறுகின்றன. பக்கவிளைவு, ஞாபக மறதி. பெரும்பாலும் தற்காலிகம், சிலருக்குப் பழைய நினைவுகள் சில திரும்புவதில்லை.

லீக்கு நோய் திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் 1963-ல் டோனி விருது வாங்கினார். 1967-ல், 53 வயதில், அவர் உயிரைப் பறித்தது காசநோய்.

சேலத்திலோ நாமக்கல்லிலோ உங்கள் வீட்டில் ஒருவருக்கு டாக்டர் இசிடி சொன்னால் பதறாதீங்க. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்க 2017 மனநலச் சட்டம் தடை விதித்திருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்க.