வரலாற்றுப் பட்டதாரி கண்ட வயல்வெளி

பதுளையிலும் ஊவாவின் தோட்டப்புறங்களிலும் கலைப்பட்டம் பெற்ற இளைஞர், கடைக் கணக்கிலும் காப்புறுதி முகவர் தொழிலிலும் அமர்ந்து, கற்றது வீணாயிற்றே என நோவதை நாம் அறிவோம். அவர்களை எண்ணியே அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களை இங்கு நினைவுகூர்கின்றோம்.

1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து இந்துக் கல்லூரியில் பயின்ற அவர், 1933இல் வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்றார். ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றவர், 1935இல் இலங்கைச் சிவில் சேவையின் முதல் முஸ்லிம் ஆனார்.

போரினால் பர்மா அரிசி நின்றுபோன 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கென அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். கற்றதோ வரலாறு, வேண்டப்பட்டதோ நெல்!

சிவில் சேவை உத்தியோகம் எங்கே, கடைக் கணக்கு எங்கே என இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வியே. லயத்திலிருந்து படித்து வந்தவருக்கு அத்தகைய பதவியும் இல்லை. பிடிக்காத வேலையை உதறும் வசதியும் இல்லை. ஆயினும் நாம் சுட்டுவது பதவியையன்று. பட்டத்தோடு தொடர்பற்ற அந்த வேலையில்தான், கிழக்கிலங்கை முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி வறுமையை அவர் நேரிற் கண்டார். சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அங்குதான் வாய்த்தது.

1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கினார். 1948இல் சிவில் சேவையையே துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபரானார். 1961 வரை அங்கிருந்தார். 1973இல் காலமானார்.